சர்ச் கட்டடம் விலைக்கு போகுது சரி, அங்க போதகரா இருக்கற மினிஸ்டரம்மா என்ன பண்றாங்கன்னு யாராவது எழுதினீங்களா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்துல சர்ச்சுகள் விலைக்கு போகுது, பாரா மாறுது, ஃபிளாட்டா மாறுதுன்னு உங்க பேப்பர்ல படத்தோட ஒரு கட்டுரை வந்திருந்துச்சு, அதை எங்க அண்ணன் போன்ல அனுப்பி "என்னம்மா உங்க ஊரு இப்படி ஆயிடுச்சா"ன்னு கேட்டார், அவருக்கு பதில் எழுத ஆரம்பிச்சு அது நீண்டுக்கிட்டே போச்சு, சரி ஆசிரியருக்கே எழுதிடுவோம்னு எழுதறேன். நான் அபர்டீன்ஷயர்ல கடலோரமா ஒரு சின்ன ஊர்ல இருக்கேன். வீட்டுக்காரருக்கு ஆயில் கம்பெனி வேலை, நான் ஒரு கேர் ஹோம்ல வயசானவங்களை பாத்துக்கற வேலை பண்றேன். நாங்க கிறிஸ்தவங்க இல்ல, வீட்ல முருகன் படம் வச்சு கும்பிடறவங்க. அதையும் முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கீழ நான் எழுதப்போறது எல்லாம் வேற மதத்துக்காரி ஒருத்தி பக்கத்துல இருந்து பாத்தது.

கட்டுரையில சொன்னது பொய்யின்னு சொல்ல வரல. கிளாஸ்கோவுல ஓரன் மோர்னு ஒரு இடம் இருக்கு, முன்னாடி அது கெல்வின்சைடு பாரிஷ் சர்ச், 2004ல இருந்து அங்க பார், நாடகம், கச்சேரி எல்லாம் நடக்குது. 2011 சென்சஸ்ல, இந்த நாட்டோட தேசிய சபையான சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்துன்னு எழுதினவங்க 32.4 சதவீதம், 2022ல அது 20.4 ஆயிடுச்சு, மதமே இல்லன்னு சொன்னவங்க 51.1 சதவீதம். 1950கள்ல 13 லட்சம் உறுப்பினருக்கு மேல இருந்த சபை, இன்னிக்கு 3 லட்சம் கூட கிடையாது. எல்லாம் நிஜம்தான். ஆனா கட்டடத்தையும் கணக்கையும் மட்டும் எழுதிட்டு அதுக்குள்ள வேலை பாக்கற மனுஷங்களை விட்டுட்டீங்களே, அதுதான் எனக்கு பொறுக்கல.

இங்க பாரிஷ்னா என்னன்னு முதல்ல சொல்லணும். பாரிஷ்னா ஒரு சர்ச்சோட பொறுப்புல இருக்கற பகுதி, மினிஸ்டர்னா அதோட போதகர். 1560ல மத சீர்திருத்தம் பண்ணின ஜான் நாக்ஸ் காலத்துல ஆரம்பிச்ச சபைதான் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து, பிஷப் கிடையாது, போப் கிடையாது, ஊர்ல மூப்பர்கள் சேர்ந்த கிர்க் செஷன், அதுக்கு மேல ஒரு வட்டாரத்து பாரிஷ் எல்லாம் சேர்ந்த பிரஸ்பிட்டரி, அதுக்கு மேல வருஷா வருஷம் மே மாசம் எடின்பரோவுல கூடற ஜெனரல் அசெம்ப்ளி, அவ்ளோதான். அந்த அசெம்ப்ளிக்கு தலைமை தாங்கற மாடரேட்டரே ஒரு வருஷம்தான் இருப்பார். இந்த சபைக்கு சட்டம் போட்டது 1921ல, அதுல உள்ள மூணாவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஸ்காட்லாந்துல உள்ள ஒவ்வொரு பாரிஷ்லயும் இருக்கற ஜனங்களுக்கு ஊழியம் கொண்டு போய் சேர்க்கறது இந்த சபையோட கடமை. ஜனங்கன்னா மெம்பர்ஷிப் உள்ளவங்க மட்டும் இல்ல. நாடு முழுக்க வரப்பு போட்ட மாதிரி பாரிஷா பிரிச்சிருக்கு, அந்த எல்லைக்குள்ள நீ இருந்தா நீ சர்ச்சுக்கு வர்றியோ இல்லையோ, கும்பிடறியோ இல்லையோ, அந்த மினிஸ்டர் உனக்கும் மினிஸ்டர். எங்க மினிஸ்டரம்மா எங்க வீட்டுக்கு முதல்ல வந்தப்போ நான் பயந்துட்டேன், மதம் மாத்த வந்திருக்காங்கன்னு. அவங்க வந்தது குப்பை வண்டி எந்த கிழமை வரும், எந்த டாக்டர் கிளினிக்ல பேர் பதியணும்னு சொல்லத்தான். டீ குடிச்சாங்க, கிளம்பிட்டாங்க. பைபிள் பையில இருந்துச்சோ என்னவோ, வெளிய எடுக்கல.

அவங்களோட வேலையில பெரும்பாதி சாவு வீட்லதான் போகுது. இதை யாரும் எழுதறதில்ல, அதனால நான் கொஞ்சம் விரிவாவே எழுதறேன். ஒருத்தர் செத்துட்டா அடக்கத்துக்கு ஏற்பாடு பண்ற ஃபியூனரல் டைரக்டர் மினிஸ்டருக்கு போன் பண்ணுவார், இன்ன வீடு, இன்ன பேரு, குடும்பம் இன்ன நாள் கேக்குதுன்னு. செத்தவர் சர்ச் பக்கம் நாப்பது வருஷமா வராதவரா கூட இருக்கும். உடனே மினிஸ்டர் அந்த வீட்டுக்கு போவாங்க. போயி உக்காந்து, அவர் எங்க வேலை பாத்தார், எப்படி சிரிப்பார், எதுக்கு கோவப்படுவார், எந்த டீம் ஃபுட்பால் பாப்பார், இதெல்லாம் கேட்டு கேட்டு நோட்டுல எழுதிக்குவாங்க. அண்ணன் தம்பிக்குள்ள பேச்சே இல்லாத வீடா இருந்தா ரெண்டு தடவை தனித்தனியா போவாங்க. அப்புறம் ராத்திரி உக்காந்து அதை எல்லாம் ஒரு பேச்சா எழுதணும், பொய்யும் சொல்லக்கூடாது, செத்தவர் குடிச்சு குடும்பத்தை அழ வச்சவரா இருந்தா அதையும் எப்படி சொல்லாம சொல்றதுன்னு யோசிக்கணும், கேக்கறவங்க எல்லாரும் அவரை தெரிஞ்சவங்க, வெறும் புகழ்ச்சியா சொன்னா ஊரே முகத்தை திருப்பிக்கும். இத்தனைக்கும் இந்த இறுதிச் சடங்குக்கு பாரிஷ் மினிஸ்டர் ஃபீஸ்னு எதுவும் வாங்கறதில்ல.

எங்க பக்கத்து வீட்டு தாத்தா இறந்தப்போ அடக்கத்துக்கு போயிருந்தேன். இங்க ஒரு வழக்கம் இருக்கு, பெட்டியில எட்டு கயிறு கட்டியிருக்கும், ஒவ்வொரு கயிறுக்கும் ஒரு நம்பர், யாருக்கு எந்த நம்பர்னு குடும்பம் முன்னாடியே கார்டு குடுத்துடும், தலைமாட்டு கயிறு மூத்த மகனுக்கு, அப்படியே நெருக்கத்தை வச்சு வரிசையா. எனக்கு ஒரு கார்டு வந்துச்சு. நான் தினமும் அவருக்கு கண்ணுல மருந்து விட்டவ, அவ்ளோதான், அதுக்கு போயி கயிறு பிடிக்க கூப்பிடுவாங்கன்னு நினைக்கவே இல்ல. ஒரு காலத்துல இங்கயும் பொம்பளைங்க புதைக்கற இடத்துக்கு வர மாட்டாங்களாம், இப்ப வர்றாங்க, கயிறும் பிடிக்கறாங்க. காத்து கடல்ல இருந்து அப்படியே அறையுது, மினிஸ்டரம்மாவோட கவுன் பறக்குது, அவங்க என் பக்கத்துல வந்து மெதுவா, "சொல்லும்போது விடுங்க, அவசரப்பட வேண்டாம்"னு சொன்னாங்க. எட்டு பேரும் சேர்ந்து கயிறை விட்டு விட்டு பெட்டி இறங்கிச்சு. அதுக்கப்புறம் குடும்பத்து சார்பா அவங்கதான் எல்லாரையும் ஓட்டலுக்கு டீ குடிக்க வாங்கன்னு அழைச்சாங்க, அங்க சாண்ட்விச், சாசேஜ் ரோல், டீ. அங்கயும் அவங்க உடனே கிளம்ப மாட்டாங்க. யார் தனியா சுவர் ஓரமா நிக்கறாங்கன்னு பாத்து அங்க போய் நிப்பாங்க.

2020ல லாக்டவுன் சமயத்துல எங்க அப்பா இறந்துட்டார். ஃபிளைட் இல்ல, போக முடியல, எல்லாத்தையும் வாட்ஸ்அப் வீடியோவுலதான் பாத்தேன். அந்த நேரத்துல மினிஸ்டர்கள் பாடே ரொம்ப மோசம், சர்ச்சை மார்ச் மாசமே மூடியாச்சு, சாவுக்கு நெருங்கின சொந்தம் சில பேர் மட்டும்தான் வரலாம், யாரும் யாரையும் தொடக்கூடாது, மாஸ்க்கை போட்டுக்கிட்டு, அழற பிள்ளைங்களை தோள்ல தட்டக்கூட முடியாம அவங்க ஒண்ணு மாத்தி ஒண்ணு சடங்கு நடத்திக்கிட்டு இருந்தாங்க. அதுக்கு நடுவுல யார் சொல்லி தெரிஞ்சுதோ தெரியல, எங்க மினிஸ்டரம்மா எங்க வீட்டு தோட்டத்து சுவருக்கு வெளிய வந்து ரெண்டு மீட்டர் தள்ளி நின்னுக்கிட்டு, "உங்க அப்பாவை பத்தி சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. நான் என்ன சொன்னேன், எவ்ளோ நேரம் சொன்னேன்னு தெரியல, மழை தூற ஆரம்பிச்சிருச்சு, அவங்க போகல. என் வீட்டுக்காரர் குடை கொண்டு வந்து சுவர் மேல வச்சுட்டு உள்ள போயிட்டார், அதை எடுத்து பிடிச்சுக்கிட்டு கேட்டாங்க. கடைசியா அப்பா பேரை எப்படி உச்சரிக்கணும்னு ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாத்து கேட்டுக்கிட்டாங்க. அவங்க சாமிய பத்தி ஒரு வார்த்தை பேசல. அந்த வருஷம் எனக்கு துக்கம் விசாரிக்க நேர்ல வந்த ஒரே ஆள் அவங்கதான்.

இதை எல்லாம் செய்யறது அவங்க ஒருத்தங்களோட நல்ல மனசுன்னு சொல்லிட்டு போயிடலாம், ஆனா அப்படி இல்ல, அந்த பாரிஷ் எல்லைன்னு ஒண்ணு இருக்கறதாலதான் அவங்க என் வீட்டு சுவர் வரைக்கும் வந்தாங்க. நான் அவங்க கணக்குல இருந்தேன். இது ரொம்ப பழைய பழக்கம். 1790கள்ல சர் ஜான் சின்க்ளேர்னு ஒருத்தர் நாட்டுல உள்ள பாரிஷ் மினிஸ்டர் எல்லாருக்கும் ஒரு நீளமான கேள்வித்தாள் அனுப்பினார், உங்க பாரிஷ்ல எத்தனை பேர், என்ன மீன் கிடைக்குது, என்ன பயிர், பள்ளிக்கூடம் எப்படி, ஏழைங்க எத்தனை, கூலி எவ்ளோ, இப்படி. 900க்கு மேல பாரிஷ்ல இருந்து பதில் வந்து, 1791ல இருந்து 1799க்குள்ள 21 தொகுதியா அச்சாச்சு. நாடு முழுக்க ஒவ்வொரு ஊரையும் வீடு வீடா தெரிஞ்ச ஒருத்தர் இருந்தாதானே இது நடக்கும்? ரூத்வெல்னு ஒரு ஊரு, அங்க ஹென்றி டங்கன்னு மினிஸ்டர், கூலிக்காரங்க கையில காசு தங்க மாட்டேங்குதேன்னு 1810ல ஒரு சேமிப்பு பேங்க் ஆரம்பிச்சார், ஏழைங்க சின்ன சின்ன தொகையா போடறதுக்கு, அதுல இருந்துதான் சேவிங்ஸ் பேங்க் இயக்கமே பரவிச்சு. ஸ்டர்லிங் எஞ்சின்னு இன்ஜினியரிங் படிக்கற பசங்களுக்கு தெரியும், அந்த ராபர்ட் ஸ்டர்லிங்கும் பாரிஷ் மினிஸ்டர்தான், 1816ல பேட்டண்ட் எடுத்தார்.

எல்லாம் பொன்னா இருந்துச்சுன்னு சொல்லல. அந்த காலத்து கிர்க் செஷன் ரொம்ப கொடுமை, கல்யாணத்துக்கு முன்னாடி கர்ப்பமான பொண்ணை ஞாயித்துக்கிழமை ஊர் முன்னாடி ஸ்டூல்ல உக்கார வச்சு திட்டுவாங்க, வாரக்கணக்குல. பொம்பளைங்களை மினிஸ்டரா ஏத்துக்கவே 1968 வரைக்கும் ஆச்சு, முதல்ல குருப்பட்டம் வாங்கினவங்க கேத்தரின் மக்கானக்கி, 1969ல, எங்க அபர்டீன் பிரஸ்பிட்டரியில. எங்க மினிஸ்டரம்மா வந்த புதுசுல சில பெருசுங்க வேற சர்ச்சுக்கு போயிட்டாங்களாம். இப்ப அந்த வீட்டு சாவுக்கும் இவங்கதான் போறாங்க.

நான் வேலை பாக்கற கேர் ஹோமுக்கு மாசம் ஒரு தடவை வருவாங்க. டிவியை ஆஃப் பண்ணிட்டு, நாற்காலியை வட்டமா போட்டு, கால் மணி நேரம் ஜெபம், ரெண்டு பாட்டு. பைபிள்ல உள்ள 23ஆம் சங்கீதப் பாட்டை கிரைமண்ட்ங்கற மெட்டுல பாடுவாங்க, கிரைமண்ட் எங்க அபர்டீன்ஷயர்ல உள்ள ஊருதான். பெத்த பொண்ணையே யாருன்னு கேக்கற பாட்டி ஒருத்தங்க இருந்தாங்க, அவங்களுக்கு தினமும் சோறு ஊட்டறது நான்தான், என்னையும் தெரியாது. அந்த பாட்டு ஆரம்பிச்சா ஒரு வரி விடாம பாடுவாங்க, அதுவும் ரெண்டாம் குரல்ல, எப்பவோ கொயர்ல பாடினவங்களாம். அது எங்க ஸ்டாஃப் யாருக்கும் தெரியாது, ஃபைல்ல இல்ல. மினிஸ்டரம்மாதான் சொன்னாங்க. அதுக்கப்புறம் குளிப்பாட்டும்போது நான் அந்த மெட்டை முணுமுணுப்பேன், அடம் பிடிக்க மாட்டாங்க. எந்த ட்ரெயினிங்லயும் இதை எனக்கு சொல்லித் தரல.

இங்க மீன்பிடி ஊருங்கள்ல ஒரே குடும்பப் பேரு நிறைய வீட்டுக்கு இருக்கும், அதனால ஆளுக்கு ஒரு பட்டப்பேரு உண்டு, அதை தெரியாம யார் யாருக்கு என்ன உறவுன்னு பிடிபடாது. மினிஸ்டரம்மாவுக்கு அத்தனையும் அத்துப்படி. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வாசல்ல நின்னு எல்லார்கிட்டயும் கை குலுக்குவாங்க, அங்கதான் விஷயமே, "ஸ்கேன் ரிசல்ட் வியாழக்கிழமை"ன்னு ஒருத்தர் போற போக்குல சொல்லிட்டு போவார், வியாழக்கிழமை சாயந்திரம் அவர் வீட்டு போன் அடிக்கும். பள்ளிக்கூடத்துக்கும் சேப்ளின், அதாவது அங்க போற போதகர், அவங்கதான், என் பையன் வந்து சொல்லுவான், இன்னிக்கு ஒருத்தன் செத்துப்போன நாய் எங்க போகும்னு கேட்டான், அவங்க எனக்கும் தெரியல, ஆனா உன் நாயை பத்தி சொல்லுன்னாங்கன்னு. நவம்பர்ல போர் நினைவுத்தூண் கிட்ட நின்னு செத்த பையனுங்க பேரை வரிசையா வாசிப்பாங்க. கல்யாணம் பத்தி ஒண்ணு மட்டும், இங்க கல்யாணம் சர்ச்சுலதான்னு இல்ல, கோட்டையிலயும் கடற்கரையிலயும் நடத்தலாம், ஆனா ரெஜிஸ்ட்ரார் குடுக்கற மேரேஜ் ஷெட்யூல் பேப்பர் மினிஸ்டர் கைக்கு வராம கல்யாணம் கிடையாது, மாப்பிள்ளை அதை வீட்லயே வச்சுட்டு வந்து ஊரே தவிச்ச கதை எல்லாம் கேட்டிருக்கேன்.

2021 நவம்பர் 26 ராத்திரி ஆர்வென் புயல் அடிச்சுச்சு. மரம் எல்லாம் வேரோட சாஞ்சு கரண்ட் போயிடுச்சு, எங்க பக்கத்துல சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல வரல. இங்க ஹீட்டர், அடுப்பு, சில வீட்ல தண்ணி மோட்டார், எல்லாம் கரண்ட்டுதான், போன் டவரும் போயிடுச்சு. குளிர்ல தனியா இருக்கற கிழவன் கிழவி யார் யாருன்னு ஒரு லிஸ்ட் வேணும்ல, அந்த லிஸ்ட் ஒருத்தங்க தலையிலதான் இருந்துச்சு. சர்ச் ஹாலை திறந்து கேஸ் அடுப்பு வச்சு சூப் போட்டாங்க, மூப்பர்களை வண்டியில அனுப்பி ஃபிளாஸ்க்ல குடுத்தாங்க, எந்த பண்ணை வீட்ல ஆக்சிஜன் மெஷின் இருக்குன்னு கூட அவங்க சொன்னாங்க. அந்த ஹால் எப்பவும் அப்படித்தான், திங்கள்கிழமை குழந்தைங்க குரூப், அப்புறம் கில்ட்ங்கற சர்ச் சங்கத்து பொம்பளைங்க, குடியை விட நினைக்கறவங்க கூட்டம், ஃபுட் பேங்க், எலெக்ஷன் வந்தா பூத். உங்க கட்டுரையில ஃபிளாட்டா மாறின ஒரு ஹால் படம் இருந்துச்சே, அதுக்குள்ளயும் இதெல்லாம் நடந்திருக்கும்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். எங்க மினிஸ்டரம்மா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகறாங்க. அவங்க இருக்கற வீடு மேன்ஸ், சர்ச்சுக்கு சொந்தம், ரிட்டயர் ஆனா காலி பண்ணணும், இத்தனை வருஷம் இருந்த வீட்ட விட்டு, வழக்கப்படி இந்த ஊரையும் விட்டு போவாங்க, புதுசா வர்றவங்களுக்கு தொந்தரவா இருக்கக்கூடாதுன்னு. ஆனா புதுசா ஒருத்தர் வருவாங்களான்னே தெரியல. மினிஸ்டர் வேலைக்கு படிக்கறவங்க குறைஞ்சு போயிட்டாங்க, ரிட்டயர் ஆகறவங்க ஜாஸ்தி, அதனால நாலஞ்சு பாரிஷை சேர்த்து ஒண்ணா ஆக்கி ஒரே ஆளை போடறாங்க. மேப்ல பாத்தா நல்லாத்தான் இருக்கும். ஒரு ஊர்ல காலையில ஆராதனை முடிச்சுட்டு கோட்டை கூட கழட்டாம அடுத்த ஊருக்கு காரை ஓட்டணும், வாசல்ல நின்னு கை குலுக்க நேரம் இருக்காது. அந்த "ஸ்கேன் ரிசல்ட் வியாழக்கிழமை" யார் காதுல விழும்? ஆராதனைக்கு ஆன்லைன் இருக்கு, நல்லா பேசறவங்க எங்கயும் கிடைப்பாங்க, ஆனா எந்த வீட்ல யார் தனியா இருக்காங்கன்னு தெரிஞ்ச ஆளை ஆன்லைன்ல எங்க போய் தேடறது. பணம் இல்லன்னு சொல்றது புரியுது. இந்த சபையில பணக்கார ஊரு ஏழை ஊருன்னு பாக்காம எல்லா மினிஸ்டருக்கும் ஒரே ஸ்டைபெண்ட், அதாவது சம்பள, அளவுதான், வசதியான சபைங்க குடுக்கற பணம்தான் இல்லாத ஊருக்கு போகுது, நல்ல ஏற்பாடு அது, குடுக்கற ஆளுங்க குறைஞ்சா எல்லாமே ஆடும். கட்டடத்தை விக்கட்டும், நான் வேணாம்னு சொல்லல, கூரை ஒழுகற பெரிய சர்ச்சை வச்சுக்கிட்டு பதினஞ்சு பேர் நடுங்கறதுல என்ன இருக்கு, அந்த காசுல ஒரு ஆளை ஊர்ல வச்சுக்க முடிஞ்சா அதுதான் சரி. ஹாலை விட்டுடாம இருந்தா போதும்.

ஐயா, உங்ககிட்ட ரெண்டு கேட்டுக்கறேன். அடுத்து இதை பத்தி எழுதும்போது உங்க நிருபரை சும்மா ஒரு வாரம் ஒரு பாரிஷ் மினிஸ்டர் கூட சுத்தச் சொல்லுங்க, எங்க ஊருக்கே வரலாம், எங்க வீட்ல தங்கலாம், சாப்பாடு என் பொறுப்பு. இன்னொண்ணு, அபர்டீன், டண்டீ, இன்வெர்னெஸ்னு இந்த பக்கம் வேலைக்கு வர்ற நம்ம பிள்ளைங்க நிறைய பேர் உங்க பேப்பரை ஆன்லைன்ல படிக்கறாங்க, அவங்களுக்கு ஒரு வார்த்தை போடுங்க, எந்த மதமா இருந்தாலும் நீங்க இருக்கற பாரிஷ் மினிஸ்டர் யாருன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க, கதவை தட்டினா திறங்கன்னு. வர்ற மாசம் எங்க ஹால்ல பாரிஷ் சேர்க்கறத பத்தி கூட்டம் போட்டிருக்காங்க. எனக்கு அங்க ஓட்டு கிடையாது, ஆனா ஊர்க்காரங்க யாரும் வந்து பேசலாம்னு நோட்டீஸ்ல இருக்கு. நான் போறேன், இந்த லெட்டர்ல எழுதினதை இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்கேன், கேர் ஹோம்ல நைட் ஷிஃப்ட்டை மாத்தி வாங்கியாச்சு.

இப்படிக்கு,
அபர்டீன்ஷயரில் இருந்து உங்கள் வாசகி ஒருத்தி